ஒன்பது கேள்விகளும் அவள் கையெழுத்தில்

எங்கள் கல்யாண விருந்தில் என் மாமனார் தொசித்தே எழுந்து நின்று, கோப்பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சின்னதாக ஓர் உரை ஆற்றினார். அதில் ஒரே ஒரு வாக்கியம், அதுவும் பாதிதான், நினைவிருக்கிறது. "மாப்பிள்ளை, எம் பொண்ணு உன்னைக் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும் உனக்கு ஒரு குறையும் இல்லை. என்னைக்கு அவ கேக்கறதை நிறுத்தறாளோ, அன்னைக்கு..." சரியாக அந்த இடத்தில் என் சித்தப்பா பிடிலை எடுத்துவிட்டார். அன்றைக்கு என்ன ஆகும் என்பது பிடில் சத்தத்தில் போய்விட்டது. பிறகு மாமனாரும் போய்விட்டார். நானே அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

என் பெயர் அலீர். வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருஷம் கனடாவின் மேற்கே ஆல்பர்ட்டாவில், எண்ணெய் மணல் சுரங்கத்தில், வீடு உயர லாரி ஓட்டினேன். இருபது நாள் அங்கே, எட்டு நாள் இங்கே. கிழக்குக் கடற்கரையில் இருக்கிற எங்கள் ஊர் போர்-ஜெர்வேயில் பாதி ஆண்பிள்ளைகள் இப்படி விமானத்தில் வேலைக்குப் போகிறவர்கள்தான். மீதிப் பாதி லாப்ஸ்டர், அதாவது சிங்கி இறால், பிடிக்கிறவர்கள். இரண்டிலும் சேராதவர் பாதிரியார் ஒருவர்தான்.

ஞாயிறு தவறாமல், அங்கே காலை ஐந்து மணிக்கு, ஷிஃப்டுக்கு முன்னால் வீட்டுக்குப் போன் செய்வேன். இங்கே மணி எட்டு. ஜோஸ்லின் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். சாப்பிட்டியா, பனி பெய்யுதா, கார் ஸ்டார்ட் ஆகுதா என்ற மூன்றும் முடிந்ததும் அவள் ஆரம்பிப்பாள்.

"அலீர், ஒரு சந்தேகம். வானம் ஏன் நீலமா இருக்கு?"

அல்லது, "கார்ல போறப்போ மரமெல்லாம் பின்னால போகுது, நிலா மட்டும் ஏன் கூடவே வருது?"

அவ்வளவுதான். நான் பிடித்துக்கொள்வேன். இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம். கேம்ப்பில் இருந்தது ஒரே சுவர் போன். எனக்குப் பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்று என் தோளைத் தட்டுவார்கள். "யோவ், வானம் நீலமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்! எம் பொண்டாட்டி என் போனுக்குக் காத்துக்கிட்டிருக்கா!" நான் அசையமாட்டேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அறிவியல் காலையில் பிரெஞ்சிலும் மதியம் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. இரண்டிலும் பாதிப் பாதி புரிந்தது. பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று வரவேண்டும். எனக்கு வரவில்லை. ஆனாலும் லாரி ஓட்டுகிறவனை விஞ்ஞானி என்று நம்பிய ஓர் உயிர் உலகத்தில் உண்டு என்றால் அது ஜோஸ்லின்தான். மைனஸ் நாற்பது குளிரில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அடுத்த ஞாயிறு என்ன கேட்பாள் என்று யோசித்துக்கொண்டே அந்தப் பத்தொன்பது வருஷத்தையும் ஓட்டிவிட்டேன்.

போன டிசம்பரில் முதுகு இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டது. முழுசாக ஊர் திரும்பினேன்.

முதல் எட்டு நாள் சொர்க்கம். கோழி போட்ட ஃப்ரிகோக் குழம்பு என்ன, பாகு ஊற்றிய உருளைக்கிழங்கு உருண்டை என்ன. ஒன்பதாம் நாள் காலை மாடியிலிருந்து இறங்கி வந்தால், வாசல் பக்கத்தில் என் பை. துணி மடித்து, ஜிப் போட்டு, மேலே கையுறை வைத்து. பக்கத்தில் டப்பாவில் சாண்ட்விச்.

"ஜோஸ்லின், இது என்ன?"

அவள் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"அடக் கடவுளே. கைப்பழக்கம்."

"நான்தான் இனிமே போகமாட்டேன், முழுசா வந்துட்டேன்னு சொன்னேனே."

"தெரியும்ப்பா. மூளைக்குத் தெரியும். கைக்கு இன்னும் யாரும் சொல்லலை."

சாண்ட்விச்சை என்ன செய்வது என்று இருவரும் யோசித்தோம். கடைசியில் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானே தின்றேன். வீட்டுக்குள்ளேயே யாத்திரை போகிறவன் மாதிரி இருந்தது.

பை போய்விட்டது. கேள்வி வரவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு. மூன்றாம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, தலை வாரிக்கொண்டு, அவள் கோட்டு மாட்டும் இடத்தில் போய்த் தயாராக நின்றேன்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லை. உனக்கு ஏதாவது... சந்தேகம்?"

"இருக்கு. ஏன் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறே?"

மூன்று மாதத்தில் அவள் என்னிடம் கேட்டவை எல்லாம் இந்த ரகம்தான். இதை ஏன் இங்க வச்சே? நீ எப்ப வெளியே போவே? ராத்திரி உறுமினது நீயா, பனி அள்ளுற வண்டியா? இவற்றில் அறிவியல் எங்கே இருக்கிறது?

பேச்சில்லாத மனிதனுக்குக் கைக்கு வேலை வேண்டும். சாமான் அலமாரியில் இருந்த டின்களை எல்லாம் எடுத்து உயரப்படி அடுக்கினேன். குட்டையிலிருந்து நெட்டை வரை, ராணுவ அணிவகுப்பு மாதிரி.

"பட்டாணி டின் எங்கே, அலீர்?"

"ரெண்டாவது தட்டு, இடப்பக்கத்திலேருந்து பதினாலாவது."

"ஓகோ. இனிமே பட்டாணி வேணும்னா ஸ்கேல் எடுத்துக்கிட்டு வரணும்."

இந்த டின் கதை இரண்டே நாளில் துறைமுகம் வரை போய்விட்டது. மளிகைக்கடையில் ஒருவன், "அலீர், நான் எந்தத் தட்டுல நிக்கணும்?" என்று கேட்டான்.

இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தபோது என் காதுக்குள் இருந்தாள். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் எங்கேயோ இருக்கிறாள். சூப்பை உறிஞ்சிக்கொண்டே அவள் நெற்றியைப் பார்ப்பேன். அதற்குள் ஒரு கேள்வியாவது இருக்காதா என்று.

மார்ச் முதல் வாரம், டின்களின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி, ஊர்ச் செய்தித்தாள் கிடந்தது. மடித்த பக்கத்தில் ஓர் அறிவிப்பு. நூலகத்தில் வியாழன்தோறும் அறிவியல், கணிதக் கேள்விகள் வாங்கப்படும். புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், கேட்க வெட்கப்படுகிறவர்கள் எல்லாரும் வரலாம். பெயர் வேண்டாம், சீட்டில் எண் போதும். ஒரு வாரத்தில் பதில் ஒட்டிய உறையில் கிடைக்கும். பதில் எழுத ஒருவர் தேவை.

வியாழன். எனக்குச் சுரீரென்றது. வியாழன் மதியம் ஜோஸ்லின் நூலகம் போவாள். புத்தகங்களைத் தூசி தட்டி உதவுகிறேன் என்று சொல்லியிருந்தாள். தூசி தட்டப் போகிறவள் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு போவாளா? எனக்குப் புரிந்துவிட்டது. என் மனைவியின் கேள்விகள் வற்றிப்போகவில்லை. வேறு இடத்தில் போய்க் கொட்டிக்கொண்டிருக்கின்றன!

அந்த நிமிஷமே சபதம் எடுத்தேன். அந்தப் பதிலாளர் நாற்காலி என்னுடையது.

நூலகர் உகெத் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"அறிவியல் எங்க படிச்சீங்க?"

"ஆல்பர்ட்டா."

"அது மாகாணம்."

"பத்தொன்பது வருஷ அனுபவம் இருக்கு. எந்தக் கேள்விக்கும் இருபது நிமிஷத்துக்குக் குறையாம பதில் சொல்லுவேன்."

"கேள்விப்பட்டிருக்கேன்."

"ஒரே ஒரு நிபந்தனை. பதில் எழுதறது நான்னு யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமா எங்க வீட்டுல."

உகெத்துக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "உயிரே போனாலும் சொல்லமாட்டேன்" என்றாள். அது எவ்வளவு பெரிய இருமல் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

முதல் வாரம் ஒன்பது சீட்டுகள். சாமான் குவிந்து கிடந்த எங்கள் கொட்டகையில், பனி தள்ளும் இயந்திரத்தின் பின்னால் உட்கார்ந்து பிரித்தேன். முதல் சீட்டையே வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன். ஏழு என்ற எண்ணின் நடுவில் சாய்வாக ஒரு கோடு. குளிர்பெட்டிமேல் ஒட்டும் சாமான் பட்டியலில் நான் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற கோடு. ஜோஸ்லின்!

இரண்டாவது சீட்டு. ஜோஸ்லின். மூன்றாவது. ஒன்பதும் ஜோஸ்லின்.

மனுஷிக்குள் இவ்வளவு ஏக்கமா! மூன்று மாதத்துக் கேள்வியை அடக்கி வைத்து ஒரே நாளில் கொட்டியிருக்கிறாள் என்று கண் கலங்கிவிட்டது. சில கேள்விகள் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தன. டிராக்டர் டயருக்குள் தண்ணீர் ஊற்றினால் ஏன் வழுக்குவதில்லை? அவள் அண்ணனிடம் டிராக்டர் இருக்கிறது, அண்ணன்மேல் பாசம் என்று வைத்துக்கொண்டேன். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது, பேரன் கேட்கிறான். எங்களுக்குப் பேரன் இல்லை. எதிர்காலத்தை நினைத்துக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் தாடியை மழித்தால் இன்னும் அடர்த்தியாக வளருமா? இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினேன். ஆசை ஒரு மனிதனை எந்த அளவுக்குத் தள்ளும் என்றால், அது எனக்காகக் கேட்ட கேள்வி என்று முடிவு செய்து அன்றே தாடியை எடுத்துவிட்டேன்.

பதில்களை எழுதினேன். எப்படி எழுதினேன்! மைனஸுக்கு மட்டும் நான்கு பக்கம். லாப்ஸ்டர் ஏன் வெந்ததும் சிவக்கிறது என்பதற்கு மூன்று பக்கம். சிவப்பு முதலிலிருந்தே ஓட்டுக்குள் இருக்கிறது, இன்னொரு பொருள் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது, சூடு பட்டால்தான் கட்டு அவிழும். அதன் கீழே, கொஞ்சம் யோசித்து, ஒரு வரி சேர்த்தேன்: "சில மனிதர்களும் அப்படித்தான். உள்ளே நிறம் இருக்கிறது."

எழுதியது நானென்று தெரியக்கூடாது. ஆனால் தெரியாமலும் போகக்கூடாது. இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனின் எழுத்து எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"கொட்டகையில என்ன பண்றே மூணு மணி நேரமா?" என்று ஜோஸ்லின் கேட்டாள்.

"பனி தள்ளுற மெஷினை ரிப்பேர் பண்றேன்."

"மார்ச் முடியப்போகுது."

"அடுத்த வருஷப் பனிக்கு."

"நல்ல முன்யோசனை" என்று சொல்லிவிட்டு, மூடிய கதவுக்கு வெளியே சூடாகத் தேநீர் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் வாரம் நிலா வந்தது. கடலுக்கு மேலே எழும்போது நிலா ஏன் பெரிசாகத் தெரிகிறது என்று கேள்வி. பெரிசாக இல்லை, கையை நீட்டி ஒரு பட்டாணியைப் பிடித்து ஒரு கண்ணால் அளந்து பாருங்கள், உச்சிக்கு வந்த பிறகும் அளந்து பாருங்கள், ஒரே அளவுதான், ஏமாறுவது மனசு என்று எழுதினேன். கடைசியில்: "நான் தூரத்தில் இருந்த நாளெல்லாம் இதே நிலாவை அங்கே பார்த்து, நீயும் இப்போது பார்க்கிறாயோ என்று நினைப்பேன்."

அன்று முதல் அவள் முகத்தையே கவனித்தேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் மெல்ல ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு நிலா பெரிசா வரும்னு நினைக்கிறேன்."

"உப்பை எடு."

"பட்டாணி அளவுதான் இருக்குமாம். கையை நீட்டிப் பிடிச்சா."

"பட்டாணியா? அதைத்தான் நீ பதினாலாவதா வச்சிருக்கியே, நான் எங்க தேட?"

ஒரு கோடு கூட அசையவில்லை அந்த முகத்தில். எவ்வளவு அழுத்தக்காரி! அவள் ரகசியமாகப் படிக்கிறாள், ரகசியமாக உருகுகிறாள், நானும் ரகசியமாக உருகுகிறேன், மேசையில் உப்பு மட்டும் கை மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் வாரம் வந்த சீட்டுதான் என்னை ஆளையே கவிழ்த்தது. "ஒவ்வொரு நாளும் மிச்சம் இருப்பதில் பாதியைக் குறைத்துக்கொண்டே வந்தால், என்றைக்கு ஒன்றும் இல்லாமல் போகும்? எனக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது."

இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? எங்களுக்குள் இருக்கும் தூரம்! தினம் பாதி குறைகிறது, ஆனால் முடியவில்லை! கணக்கை எழுதினேன். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் முழுசாக ஒன்றைத் தொடும், கொஞ்சமும் குறையாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "என் அன்பே, தைரியமாக இரு. நான் வந்துவிட்டேன், ஆனால் இன்னும் வந்து சேரவில்லை, அது எனக்கே தெரிகிறது. உன் எதிரில் உட்கார்ந்துகொண்டே உன் குரலுக்கு ஏங்குகிறேன். டின்களை இனித் தொடமாட்டேன்" என்று எழுதி, உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, என் மனசையே அதற்குள் வைத்து அனுப்பினேன்.

அந்த வியாழக்கிழமை ஜோஸ்லினுக்குக் காய்ச்சல். நூலகம் போகவில்லை. உறை அவளுக்குக் கிடைக்க இன்னும் ஒரு வாரமா என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு ஓசியாஸ். எழுபத்தெட்டு வயது. அறுபது வருஷம் லாப்ஸ்டர் பிடித்த கை, அந்தக் கையில் என் உறை.

"பிலியாஸ் மகன் அலீரே," என்றார், தொப்பியைக் கழற்றி. எங்கள் ஊரில் விஷயம் பெரிசென்றால் அப்பன் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். "உன்கிட்ட நேருக்கு நேர் ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, ஓசியாஸ்."

"நான் உனக்கு அன்பேயா?"

நான் அவர் கையிலிருந்த உறையைப் பார்த்தேன்.

"டாக்டர் ரம்மைக் குறைக்கச் சொன்னாரு. ஒரேடியா முடியாது, தினம் பாதி பாதியா குறைக்கறேன்னேன். இப்படிக் குறைச்சா எப்பத்தான் முடியும்னு நூலகத்துல கேட்டேன். அதுக்கு நீ, 'உன் எதிரில் உட்கார்ந்துகொண்டே உன் குரலுக்கு ஏங்குகிறேன்'னு எழுதியிருக்கே. நாம ரெண்டு பேரும் எதிரெதிர்ல எப்பப்பா உக்காந்தோம்? தேவாலயத்துல கூட நீ பின்னால."

"இது... நான் எழுதினேன்னு யாரு சொன்னது?"

"'டின்களை இனித் தொடமாட்டேன்'. இந்த ஊர்ல டின்னைத் தொட்டவன் நீ ஒருத்தன்தானே."

"அது உங்க கேள்வியா? சீட்டுல இருந்தது என் பொண்டாட்டி கையெழுத்து!"

ஓசியாஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்க காலத்துப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்ல மட்டும்தான் எழுதவிட்டாங்க. பேசறது பிரெஞ்சு, எழுதறது இன்னொண்ணு. கடைசியில எதுவும் கைக்கு வரலை. எனக்கு மட்டுமா? வியாழக்கிழமை வர்ற எல்லாருக்கும் இதே கதைதான். நாங்க வாயால சொல்லுவோம், ஜோஸ்லின் எழுதுவா. பதில் வந்தா அவளே படிச்சும் காட்டுவா. நேத்து அவளுக்குக் காய்ச்சல், உகெத் படிச்சா." கொஞ்சம் யோசித்தார். "ஜோஸ்லின் படிக்கிறப்போ இந்த மாதிரி ஒரு வரி கூட வந்ததில்லை. நீ திடீர்னு ஏன் இப்படி ஆயிட்டேன்னுதான் கேக்க வந்தேன்."

"அந்தத் தாடி... தாடிக் கேள்வி?"

"அது என் தம்பி. நீ ஏன் எடுத்தே?"

நான் பனி தள்ளும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வாரம். ஐம்பத்தெட்டு பதில்கள். டிராக்டர்காரனுக்கு ஒன்று, பேரன் பெற்றவனுக்கு ஒன்று என்று ஊரில் பாதிப் பேருக்குக் காதல் கடிதம் எழுதியிருக்கிறேன். ஓசியாஸ் கிளம்பும்போது கதவருகே நின்று, "ஆனா அந்தத் தைரியமா இருன்னு சொன்னது நல்லா இருந்துச்சு. நேத்து பாதிக்கும் பாதிதான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் போனேன். ஜோஸ்லின் சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஓசியாஸ் வந்தாரா?" என்றாள்.

"வந்தார்."

"தொப்பியைக் கழட்டினாரா?"

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். அந்த அறிவிப்பை எழுதினதே நான்தான். எல்லாருக்கும் முன்னால உன் டின்னுக்கு மேலதான் வச்சேன். வீட்டுல உன்னை எங்க வைக்கறதுன்னு தெரியலை, அலீர். எந்தத் தட்டுலயும் பொருந்தலை."

"அப்போ நான் எழுதின... அந்தக் கடைசி வரிகள்?"

"அதை அவங்களுக்குப் படிக்கலை. லாப்ஸ்டரைப் படிச்சேன், நிலாவைப் படிச்சேன். கடைசி வரி வந்தா மடிச்சிடுவேன்." கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "அது எனக்குத்தானே."

எதிர்த்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து அவள் காலருகே உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏன் எங்கிட்ட எதுவும் கேக்கறதில்லை? போன்ல அவ்வளவு கேட்டியே. ஒவ்வொரு ஞாயிறும்."

"ஏன் கேட்டேன்னு நினைக்கிறே?"

"தெரிஞ்சுக்கத்தான்."

ஜோஸ்லின் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றும் சிரிப்பு நிற்கவில்லை.

"சாப்பிட்டியா, பனி பெய்யுதா, கார் ஸ்டார்ட் ஆகுதா. மூணு நிமிஷம். அப்புறம் 'சரி, வச்சிடறேன்'ம்பே. முதல் வருஷம் முழுக்க மூணு நிமிஷம்தான். போனை வச்சிட்டு நான் கோட்டோட அப்படியே நிப்பேன். பூசைக்குக் கூடப் போகத் தோணாது. ஒரு நாள் சும்மா, வாய்க்கு வந்தபடி, நிலா ஏன் கூடவே வருதுன்னு கேட்டேன். நீ இருபத்திரண்டு நிமிஷம் பேசினே. அன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். அதுக்கப்புறம் சனிக்கிழமை ஆனா நூலகம் போய் உக்காருவேன். பதில் நீளமா இருக்கிற கேள்வியா பாத்துத் தேடி எடுப்பேன்."

"அப்போ... பதிலெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியும்?"

"உகெத்தைக் கேளு. அந்த அலமாரி முழுக்க முடிச்சிட்டேன். ரெண்டு தடவை."

பத்தொன்பது வருஷம் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றது, குட்டையிலிருந்து நெட்டை வரை.

"வானம் நீலத்துக்கு நான் சொன்னது சரிதானே?" என்றேன், ஒரு சின்ன நம்பிக்கையில்.

"கடலைப் பாத்து வானம் நீலமாச்சுன்னே. இருபத்தி மூணு நிமிஷம். சுத்தத் தப்பு."

"தப்புன்னு ஏன் அப்பவே சொல்லலை?"

"சொன்னா நீ வச்சிடுவியே."

வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன் நாலு பக்க மைனஸையும் நான் அப்படியே படிக்கலை," என்றாள் மெதுவாக. "அந்தத் தாத்தா பாவம், பயந்திடுவாரு. படகைப் பின்னால ஓட்டுங்க, அதைப் படம் பிடிங்க, படத்தையும் பின்னாலேருந்து ஓட்டுங்க, படகு முன்னால போகும்னு சொன்னேன். பேரன் கைதட்டினானாம்."

"டயரு?"

"அதையும் கொஞ்சம் மாத்தினேன்."

"ஐம்பத்தெட்டுல எத்தனை மாத்தினே?"

"காய்ச்சல்ல கிடக்கிறவகிட்ட கணக்கு கேக்கறே." கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் பதிலை மாத்திச் சொல்றதை உகெத் எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. அடுத்த வாரத்திலேருந்து பதிலெழுத என்னையே உக்காரச் சொல்றாங்க. அவ சீட்டு எழுதிப்பாளாம். நான் இன்னும் சரின்னு சொல்லலை. உனக்கு வருத்தமா இருக்கும்."

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்காலிக்காக இல்லை. இந்த ஊரில் ஓசியாஸ் கேட்கிறார், அவர் தம்பி கேட்கிறான், டிராக்டர்காரன் கேட்கிறான். என் மனைவி பத்தொன்பது வருஷம் கேட்டாள், தெரிந்ததையே கேட்டாள், என் சத்தம் காதில் இருக்கவேண்டும் என்பதற்காக. நான் அவளிடம் சாப்பிட்டியா என்பதைத் தவிர ஒன்று கேட்டிருக்கிறேனா? நினைத்துப் பார்த்தேன். கார் ஸ்டார்ட் ஆகிறதா என்று கேட்டிருக்கிறேன்.

"நீ ஒரே ஒரு கேள்வி கேளேன்" என்றேன். "இப்போ. ஏதாவது. நான் பேசறேன்."

"இல்லை, அலீர்." கண்ணை மூடிக்கொண்டாள். "நான் என் பங்கைக் கேட்டு முடிச்சிட்டேன்."

அடுத்த வியாழக்கிழமை நூலகத்துக்குப் போய் உகெத்திடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். பிறகு, இனிப் பதில் சொல்லப்போகிற ஜோஸ்லினின் மேசைக்கு முன்னால் நின்ற கேள்வி கேட்பவர்கள் வரிசையில், ஓசியாஸுக்கும் அவர் தம்பிக்கும் பின்னால் போய் நின்றுகொண்டேன்.